காற்றில் சேரும் கரியமில வாயு: காலநிலை மாற்றத்துக்கு ஓர் அறிமுகம்

காலநிலை மாற்றம் என்று பேச்செடுத்தாலே இரண்டு கேள்விகள் வரும். "சித்திரையில் வெயில் அடிப்பது புதிதா என்ன?" என்று தொடங்குவார்கள். கொஞ்ச நேரம் பேசிய பிறகு, "சரி, ஆளுக்கொரு மரம் நட்டால் போதாதா?" என்பார்கள். அக்கறை உள்ளவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. இரண்டுக்கும் பதில் சொல்ல ஒரே ஒரு செய்தியை விளங்கிக்கொண்டால் போதும். நிலக்கரி, பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு ஆகியவற்றை எரிக்கும்போது வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ பாதி காற்றிலேயே தங்கிவிடுகிறது. நேற்று வெளியிட்டதன் மேல் இன்றையது சேர்கிறது. நம் பாட்டன் காலத்தில் எரித்ததில் ஒரு பங்கு இன்றும் நம் தலைக்கு மேல் இருக்கிறது.

பூமி எப்படிச் சூடாகிறது?

சூரிய ஒளி காற்று மண்டலத்தைக் கடந்து வந்து தரையையும் கடலையும் சூடாக்குகிறது. சூடேறிய தரை அந்த வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாகத் திருப்பி அனுப்புகிறது. கோடை இரவில் மொட்டைமாடியில் படுத்தால் தரையிலிருந்து அனல் எழும்புகிறதே, அதில் இந்தக் கதிர்களும் உண்டு. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு ஆக்சிஜன். இவ்விரண்டும் அகச்சிவப்புக் கதிர்களை அப்படியே விட்டுவிடுகின்றன. மிகச் சிறிய அளவில் இருக்கும் நீராவி, கரியமில வாயு, மீத்தேன் போன்றவையோ அவற்றை உறிஞ்சி, எல்லாத் திசைகளிலும் மறுபடி வெளியிடுகின்றன. அதில் ஒரு பங்கு தரைக்கே திரும்பி வருகிறது. இவற்றைத்தான் பசுங்குடில் வாயுக்கள் என்கிறோம்.

இந்த வாயுக்கள் கெட்டவை என்று நினைத்துவிடக் கூடாது. இவை இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை சுமார் மைனஸ் 18 டிகிரி செல்சியஸாக இருக்கும். இவற்றின் தயவால்தான் அது 15 டிகிரி அளவில் நிற்கிறது, உயிர்கள் வாழ்கின்றன. அளவு கூடுவதுதான் சிக்கல்.

ஏதோ இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுந்த கருத்து இது என்று பலர் எண்ணுகிறார்கள். 1856-ஆம் ஆண்டிலேயே யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி, கண்ணாடி உருளைகளுக்குள் வெவ்வேறு வாயுக்களை அடைத்து, வெப்பமானிகளைச் செருகி, வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த உருளை மற்றவற்றைவிட அதிகம் சூடானது. வெயிலிலிருந்து எடுத்த பிறகும் ஆற நெடுநேரம் பிடித்தது. காற்றில் இந்த வாயு கூடினால் பூமியின் வெப்பநிலையும் கூடும் என்று அவர் அன்றே எழுதினார். சில ஆண்டுகளில் அயர்லாந்து இயற்பியலாளர் ஜான் டிண்டால் ஆய்வகத்தில் இந்த வாயுக்கள் வெப்பக் கதிர்களை உறிஞ்சுவதை அளந்து காட்டினார். 1896-இல் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஸ்வாந்தே அர்ஹீனியஸ், கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். இந்தியா விடுதலை பெறுவதற்கு அரை நூற்றாண்டு முன்பே அடிப்படை அறிவியல் தெரிந்திருந்தது.

தெரியாமல் இருந்தது காற்றில் அந்த வாயு உண்மையில் கூடுகிறதா என்பதுதான். 1958-இல் அமெரிக்க அறிவியலாளர் சார்லஸ் டேவிட் கீலிங், ஹவாய்த் தீவில் மௌனா லோவா எரிமலைச் சரிவில் ஒரு கருவியை நிறுவி அளக்கத் தொடங்கினார். அப்போது காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் கரியமில வாயு சுமார் 315. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் இருந்தது சுமார் 280 என்பது துருவப் பனிப்பாறைகளில் சிறைப்பட்ட பழைய காற்றுக் குமிழ்களிலிருந்து தெரிகிறது. அந்தக் குமிழ்கள் சொல்லும் எட்டு லட்சம் ஆண்டுக் கதையில் ஒருமுறைகூட இன்றைய அளவுக்கு அருகில் வந்ததில்லை.

கீலிங்கின் வரைபடம் ரம்பப் பல் போல ஏறி இறங்கி ஏறும். வட அரைக்கோளத்தில் காடுகள் தளிர்க்கும் காலத்தில் செடிகொடிகள் வாயுவை உறிஞ்சுவதால் கோடு இறங்கும். இலையுதிர்ந்து மட்கும் காலத்தில் மறுபடி ஏறும். மே மாதம் உச்சம். ஆனால் ஒவ்வோர் ஆண்டின் உச்சமும் முந்தைய ஆண்டைவிட மேலே நிற்கிறது. பூமி மூச்சுவிடுவதையும், அந்த மூச்சுக்கு மேல் நாம் ஏற்றும் சுமையையும் ஒரே கோட்டில் பார்க்கலாம். இதைவிட நேர்மையான சாட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

கூடிய வாயு மனிதர்கள் எரித்ததால்தான் வந்ததா? அதற்கும் தடயம் இருக்கிறது. உயிருள்ள மரத்திலும் விலங்கிலும் உள்ள கரியில் (கார்பனில்) கார்பன்-14 என்ற கதிரியக்க வகை சிறிதளவு இருக்கும். அது 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியில் அது மிஞ்சியிருக்காது. காற்றில் இந்த வகையின் விகிதம் குறைந்து வருவது, புதிதாகச் சேரும் கரி மண்ணுக்கடியிலிருந்து தோண்டப்பட்டது என்று காட்டுகிறது. எரிமலைகள் ஆண்டுதோறும் வெளியிடுவது மனிதர்கள் வெளியிடுவதில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. வெப்பம் கூடுவதற்குச் சூரியன் காரணமாக இருந்தால் காற்று மண்டலத்தின் மேலடுக்கும் சேர்ந்து சூடாக வேண்டும். அது குளிர்ந்துவருகிறது.

வரத்தும் போக்கும்

இதை ஓர் ஏரியாக நினைத்துப் பாருங்கள். வரத்துக்கால் வழியே தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, மதகு வழியே வெளியேறுகிறது. வருவதில் பாதிதான் வெளியேறுகிறது என்றால் நீர்மட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். காற்று மண்டலத்துக்கு வரத்து என்பது ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயு. நிலக்கரி, பெட்ரோல் போன்ற புதைபடிவ எரிபொருள்களை எரிப்பதாலும் சிமெண்ட் தயாரிப்பதாலும் வருவது மட்டும் இவ்வளவு. மதகு என்பது காடுகளும் கடலும். அவை நாம் வெளியிடுவதில் ஏறத்தாழ பாதியை இழுத்துக்கொள்கின்றன. மீதி தேங்குகிறது.

வரத்தைக் கொஞ்சம் குறைத்தால் என்ன ஆகும்? மட்டம் ஏறும் வேகம் குறையும், ஏறுவது நிற்காது. 2020-இல் கொரோனா ஊரடங்கால் உலகம் முழுவதும் வண்டிகளும் விமானங்களும் ஆலைகளும் முடங்கின. அந்த ஆண்டு உமிழ்வு 5 விழுக்காடு அளவில் குறைந்தது. அப்படியும் மௌனா லோவாவில் கரியமில வாயுவின் அளவு கூடத்தான் செய்தது. வாழ்க்கையையே நிறுத்திவைத்த ஓராண்டில் கிடைத்தது அவ்வளவுதான். இதைக் கண்டு மனம் தளர்ந்தவர்கள் உண்டு. எனக்கோ இது தெளிவைத் தருகிறது: மக்கள் வீட்டுக்குள் முடங்குவது தீர்வாகாது. மின்சாரத்தையும் எஃகையும் பயணத்தையும் வேறு வழியில் உண்டாக்க வேண்டும்.

"நிகர பூஜ்யம்" என்ற சொல் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. வெளியிடுவதும் திரும்ப எடுப்பதும் சமமாகும் நிலை அது. அந்த நிலையை அடைந்தால் வெப்பநிலை மேலும் ஏறுவது ஏறக்குறைய நின்றுவிடும் என்பது அறிவியலாளர்களின் கணிப்பு. ஏறிய வெப்பம் இறங்க நூற்றாண்டுகள் ஆகும். எந்த உயரத்தில் நிறுத்துகிறோம் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. 2021-இல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் இந்தியா 2070-ஐ அதற்கான இலக்காக அறிவித்தது.

மீத்தேன் வேறு கதை. அது காற்றில் சுமார் 12 ஆண்டுகள்தான் தங்கும். ஆனால் இருக்கும்வரை கடுமையாகச் சூடேற்றும்; 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட 80 மடங்கு. ஆகவே மீத்தேனைக் குறைத்தால் பலன் நம் ஆயுளிலேயே தெரியும்.

ஒரு டிகிரி என்ன செய்துவிடும்?

1850–1900 காலத்துடன் ஒப்பிட்டால் 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் உலகச் சராசரி 1.1 டிகிரி கூடியிருந்தது. 2024 தனி ஆண்டாக ஒன்றரை டிகிரியைத் தாண்டியது. உலக நாடுகள் செய்துகொண்ட 2015 பாரிஸ் ஒப்பந்தம் தடுக்க முயலும் எல்லையும் ஒன்றரை டிகிரிதான். ஆனால் அது பல ஆண்டுச் சராசரியைக் குறிப்பது என்பதால், ஓராண்டு தாண்டியதை வைத்து எல்லாம் முடிந்தது என்று சொல்லக் கூடாது.

ஒரு டிகிரி என்றால் அற்பமாகத் தோன்றும். பூமியில் கூடுதலாகச் சேரும் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடலுக்குள் போகிறது என்பதை நினைத்தால்தான் அதன் கனம் புரியும். சூடான நீர் விரிவடையும். அதோடு பனிப்பாறைகளும் உருகிச் சேர, 1901-க்குப் பிறகு உலகக் கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறியதால் பவளப் பாறைகள் வெளுத்தன. பவளத்தின் உடலுக்குள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசிகள் வெப்பம் தாங்காமல் வெளியேறுவதே இந்த வெளுப்பு. சூடு விரைவில் தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் பவளம் பட்டினியால் சாகும்.

மழைக்கும் ஒரு கணக்கு உண்டு. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் வாய்ப்பு கூடுகிறது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். அதற்காக ஒவ்வொரு வெள்ளத்தையும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. 2015 டிசம்பர் சென்னைப் பெருமழையை ஆராய்ந்த பன்னாட்டு அறிவியலாளர் குழு ஒன்று, அதில் மனிதரால் வந்த வெப்பமயமாதலின் தெளிவான தடத்தைக் காண முடியவில்லை என்றே எழுதியது. சதுப்பு நிலத்தில் எழுப்பிய கட்டடங்களும் தூர்ந்துபோன கால்வாய்களும் அன்று ஊரை மூழ்கடித்ததில் பெரும்பங்கு வகித்தன. இப்படி ஆய்ந்து, இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் சொல்வதால்தான் இந்த அறிவியலை நம்பலாம்.

முதலில் மின்சாரம்

உலகில் மிக அதிகமான கரியமில வாயு மின்சாரம், வெப்ப உற்பத்தியிலிருந்து வருகிறது. மாற்று வழி தயாராக, மலிவாக இருப்பதும் இதே துறையில்தான். 2010-க்கும் 2023-க்கும் இடையில் சூரிய மின்சாரத்தின் உற்பத்திச் செலவு ஏறத்தாழ பத்தில் ஒன்றாகச் சரிந்தது.

ஒரு வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். 3 கிலோவாட் சூரியத் தகடுகளுக்கு நிழல் விழாத சுமார் 300 சதுர அடி மாடி வேண்டும். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். மூன்றுக்கு 12 யூனிட், ஆண்டுக்கு நாலாயிரம் யூனிட்டுக்கு மேல். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு வெளியாகிறது. ஆக அந்த மாடி ஆண்டுக்கு ஏறத்தாழ 3 டன்னைத் தவிர்க்கிறது. இந்தியர் ஒருவரின் ஓராண்டுச் சராசரி உமிழ்வே சுமார் 2 டன்தான். 2024-இல் தொடங்கிய மத்திய அரசின் திட்டத்தில் இந்த அளவுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடி உரிமை இல்லாதவர்களுக்கும் இந்த வழி திறக்கவில்லை என்பது பெரிய குறை.

காற்றாலையில் தமிழ்நாடு நெடுங்காலமாக முன்னோடி. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்கள் வழியே தென்மேற்குப் பருவக்காற்று குவிந்து பாய்வதால், முப்பந்தலிலும் உடுமலைப் பக்கத்திலும் மே முதல் செப்டம்பர் வரை விசிறிகள் நிற்காமல் சுழலும். மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சூரியன் மாலையில் மறைந்துவிடும், காற்று செப்டம்பருக்குப் பிறகு தளர்ந்துவிடும். மக்கள் விளக்கும் மின்விசிறியும் ஏசியும் போடுவதோ மாலை ஏழு மணிக்கு மேல்.

எனவே சேமித்து வைக்க வேண்டும். கோவை மாவட்டத்தில் மலைக்குள் குடைந்து கட்டிய காடம்பாறை நீரேற்று மின்நிலையம் இதை 1980-களின் இறுதியிலிருந்தே செய்துவருகிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணையிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவார்கள். தேவை கூடும் நேரத்தில் அதைக் கீழே திறந்துவிட்டு, அதே இயந்திரங்களால் 400 மெகாவாட் வரை எடுப்பார்கள். இத்தகைய நிலையங்களும் பேட்டரித் தொகுதிகளும் பெருகினால்தான் நிலக்கரி நிலையங்களை நிறுத்த முடியும். தகடுகளைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நாம் சேமிப்பைப் பற்றியும் மின்வழித்தடங்களைப் பற்றியும் பேச வேண்டும்.

மின்சாரம் சுத்தமாகச் சுத்தமாக, வண்டியையும் அடுப்பையும் அதற்கு மாற்றுவதன் பலன் கூடும். மின்மோட்டார் தனக்குக் கிடைக்கும் ஆற்றலில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. பெட்ரோல் எஞ்சின் முக்கால் பங்கை வெறும் சூடாக வீணாக்குகிறது. ஆனாலும் ஆளுக்கொரு மின்காரைவிட அடிக்கடி வரும் டவுன் பஸ்தான் மேல். சிமெண்டும் எஃகும் கடினமானவை. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள்ளிருந்தே கரியமில வாயு வெளிவருவதால், அரியலூர் ஆலைகள் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓடினாலும் அந்தப் பங்கு நிற்காது. அனல்மின் நிலையச் சாம்பல் போன்றவற்றைக் கலந்து சிமெண்டின் அளவைக் குறைப்பது இப்போதைக்குக் கைகொடுக்கிறது.

காய்ச்சலும் பாய்ச்சலும்

நெல்வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் மண்ணுக்குள் ஆக்சிஜன் போகாது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மட்கும் பொருள்களிலிருந்து மீத்தேனை உண்டாக்கும். அது நெற்பயிரின் தண்டிலுள்ள காற்றுக் குழல்கள் வழியே வெளியேறும். வயலை இடையிடையே காயவிட்டால் இந்த நுண்ணுயிர்கள் ஒடுங்கிவிடும். திருந்திய நெல் சாகுபடி செய்பவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்லும் பாசனம் இதுதான்.

எப்போது காய்கிறது, எப்போது பாய்ச்சுவது என்று தெரிய ஓர் எளிய ஏற்பாடு உண்டு. ஓர் அடி நீளமுள்ள பி.வி.சி. குழாயின் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளைகள் போட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் நட்டு, உள்ளிருக்கும் சேற்றை அள்ளிவிட வேண்டும். மண்ணுக்குள் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதே மட்டம் குழாய்க்குள் தெரியும். அது தரைமட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும். மேலே வெடித்துக் காணப்பட்டாலும் வேருக்குத் தண்ணீர் எட்டுகிறது. பூக்கும் பருவத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது. இப்படிச் செய்தால் மீத்தேன் 30 முதல் 50 விழுக்காடு வரை குறைகிறது. தண்ணீரும் மிஞ்சுகிறது, விளைச்சல் குறைவதில்லை.

அப்படியானால் எல்லோரும் ஏன் செய்யவில்லை? போர்செட் வைத்திருப்பவர் நினைத்த நாளில் பாய்ச்சலாம். காவிரியின் கடைமடையில் முறை வைத்துத் தண்ணீர் வரும் விவசாயி, வந்த தண்ணீரைத் தேக்கி வைக்காமல் வயலைக் காயவிடத் துணிவாரா? அடுத்த முறை எப்போது என்ற உறுதி அவருக்கு வேண்டும். விவசாயியைப் பார்த்து "மாறுங்கள்" என்று சொல்வதற்கு முன் வாய்க்காலைச் சீராக்க வேண்டும்.

மரமும் நிழலும்

இப்போது மரத்துக்கு வருவோம். மரம் கரியை உடலில் சேர்த்து வைக்கும். அது பட்டுப்போய் மட்கும்போதோ எரியும்போதோ அந்தக் கரி திரும்பக் காற்றுக்கே போகும். நிலக்கரியாகப் புதைந்திருந்ததோ கோடிக்கணக்கான ஆண்டுகள் வெளியே வராமல் இருந்தது. அதைத் தோண்டி எரித்துவிட்டு, ஈடாகக் கன்று நடுவது ஈடாகாது. நட்ட கன்றில் எத்தனை பிழைத்தன என்று யாரும் போய்ப் பார்க்காத விழாக்கள் இன்னும் மோசம். இருக்கும் காடுகளையும் சதுப்புகளையும் காப்பதுதான் முதல் வேலை. பிச்சாவரத்தில் இருப்பது போன்ற அலையாத்திக் காடுகள் சேற்றுக்குள் கரியைப் புதைத்து வைப்பதோடு அலையின் வேகத்தையும் தணிக்கின்றன. ஊருக்குள் நடும் மரத்துக்கு நிழல் என்ற பயனே போதும்; வெயிலில் நின்று வேலை செய்பவருக்கு அது உயிர் காக்கும் பொருள்.

ஏனென்றால் வரத்தை இன்றே அடைத்தாலும் ஏறிய வெப்பம் உடனே இறங்கப்போவதில்லை. அதைத் தாங்கி வாழ ஏற்பாடு வேண்டும். 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அறிவிப்பு நடைமுறையாக வேண்டிய இடங்கள் தூத்துக்குடி உப்பளம், செங்கல் சூளை, கட்டட வேலைத்தலம், கிராமப்புற வேலைத் திட்டப் பணி நடக்கும் இடம். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடல் சூடு தணியாது. கடற்கரை மாவட்டங்களில் வெப்பமானி காட்டுவதைவிட ஆபத்து அதிகமாக இருப்பது இதனால்தான். நண்பகலில் வேலையை நிறுத்தினால் அந்த நேரத்துக் கூலி யார் தருவது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல், "வெயிலில் போகாதீர்கள்" என்று அறிவுரை கூறுவது போதாது.

உப்பளத் தொழிலாளி இந்த வெப்பத்துக்குப் பொறுப்பானவரா? இல்லவே இல்லை. இதுவரை காற்றில் சேர்ந்த புதைபடிவக் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சுமார் 14 டன் வெளியிடுகிறார், இந்தியரைப் போல ஏழு மடங்கு. பணக்கார நாடுகள் முதலில் குறைக்க வேண்டும், மற்ற நாடுகளுக்குப் பணமும் தொழில்நுட்பமும் தர வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது, அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. அதே நேரம் இங்கே நிலக்கரியைத் தொடர்வதற்கு அதையே சாக்காக வைப்பது, வெயிலில் நிற்பவருக்கு எந்த நன்மையும் செய்யாது. நெய்வேலி போன்ற ஊர்களில் சுரங்கத்தை நம்பி வாழும் குடும்பங்களுக்கு மாற்று வேலைக்கான திட்டமும் இப்போதே தொடங்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை பல உண்டு: சோற்றை வீணாக்காமல் இருப்பது, ஏசி வாங்கினால் நட்சத்திரக் குறியீடு பார்த்து வாங்கி வாயு கசியாமல் பராமரிப்பது, பக்கத்து ஊருக்குப் பஸ்ஸில் போவது. அவற்றைவிடப் பெரிய முடிவு ஒன்று பொதுவெளியில் எடுக்கப்படுகிறது. ஓர் அனல்மின் நிலையம் கட்டினால் முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடும். அதற்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கும் முன் மாவட்டத்தில் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவது வழக்கம். அங்கே யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று இரண்டு கேள்விகள் கேட்கலாம். இந்த நிலையம் எந்த ஆண்டு வரை ஓடும்? இதே பணத்தில் சூரிய, காற்று மின்சாரமும் அதற்கான சேமிப்பும் எவ்வளவு கிடைக்கும்? பதிலைக் கூட்டத்தின் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.